பென்சிலில் எழுதிய மகள்

“நான் ஆர், சொல்லு பாப்பம்?”

“சின்னம்மா.”

“இல்லைப் பிள்ளை. போன கிழமை என்ன சொல்லித் தந்தனான்? வடிவா யோசிச்சுச் சொல்லு. நான் ஆர்?”

மறுமுனையில் இருந்தது வதனி. கொழும்பில் அவள் இருந்த வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. அது போய் முடியும்வரை அவளும் காத்திருந்தாள், நானும் காத்திருந்தேன். இங்கே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. என் வாடகை அறையின் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஈரம் கோத்து வழிந்துகொண்டிருந்தது.

“அம்மா” என்றாள் கடைசியில்.

“கெட்டிக்காரி” என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகு வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. வதனிக்கு அப்போது எட்டு வயது. அவளைப் பெற்றவள் என் அக்கா. அக்காவும் அத்தானும் ஒரே நாளில், ஒரே ஷெல் குண்டில் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளை அக்காவைக் கூப்பிட்ட சொல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி என் பெயரில் மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் எடுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குலம் அண்ணையின் சமையலறை

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பகுதியில் வந்திறங்கிய தமிழர் பலருக்கும் குலம் அண்ணையைத் தெரிந்திருக்கும். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து வந்தால் அவருடைய சமையலறைதான் கந்தோர், அலுவலகம். கவுன்சில் வீடு, பெனிபிட் என்கிற உதவிப்பணம், பள்ளிக்கூட அனுமதி, குடிவரவு எதுவானாலும் அந்த மேசையில் வைத்துத்தான் நிரப்பப்படும். பக்கத்தில் பருப்பு வேகும். என்னுடைய முதல் படிவத்தில் பருப்புக் கறி தெறித்த மஞ்சள் பொட்டு ஒன்று இருந்தது. அதோடேயே அனுப்பினோம்.

எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. இனி என் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்றார்கள். என் குடும்பம் என்றால் வதனி ஒருத்திதான். அத்தானின் ஒன்றுவிட்ட அக்கா செல்வமக்கா அவளை வெள்ளவத்தையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா. செல்வமக்காவுக்கும் கனடாவுக்கு எல்லாம் சரி வந்துவிட்டது. அவ போவதற்குள் பிள்ளை என்னிடம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அவளை எங்கே விடுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

படிவத்தில் பிள்ளைகளின் பெயர் என்று ஓர் இடம். நான் பேனையைத் தூக்கிக்கொண்டு யோசித்தேன்.

“என்ன யோசிக்கிறீர்?” என்றார் குலம் அண்ணை.

“இவ பெறாமகள் எல்லோ, அண்ணை.”

“பெறாமகள் எண்டா வெள்ளைக்காரனுக்கு விளங்காது. அவங்களுக்கு அது கிறிஸ்மஸுக்குக் காட் அனுப்புற உறவு. மகள் எண்டு போடும். உம்மடை அக்காவின்ரை மகள் உம்மடை மகள் இல்லையே?”

இதில் நான் இடறினேன். ஏனென்றால் அது உண்மை. எங்கள் ஆட்களிடம் அக்காவின் பிள்ளை நம் பிள்ளைதான். கல்யாண வீட்டில் நின்று “இது என்ரை மகள்” என்று அறிமுகப்படுத்தினால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பெறாமகள் என்ற சொல்லைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னால் அதுதான் குறை. நான் பொய் எழுதுகிறேன் என்று நினைக்கவேயில்லை. மகள் என்று எழுதினேன்.

தகப்பன் பெயர் கேட்டிருந்தது. அத்தானின் பெயரை எழுதினேன். அதுவும் உண்மை.

அடுத்த பக்கத்தில் புருஷன் பெயர் கேட்டிருந்தது.

“இப்ப அதையேதான் இதிலையும் போடவேணும்” என்றார் குலம் அண்ணை, சட்டியைக் கிளறியபடி.

எனக்கு முகம் கொதித்தது. அத்தான் வழக்கமாக இருக்கிற கதிரையில், அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்கூட நான் இருந்ததில்லை. “என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?” என்று கத்தினேன்.

“ஏன், அக்கா செத்தாத் தங்கச்சியைக் கட்டுறது எங்கடை ஆக்களிலை இல்லாத வழக்கமே? பிள்ளை வரவேணுமோ வேண்டாமோ, அதைச் சொல்லும்.”

பிள்ளை வரவேணும். எழுதினேன். எங்கேயும் கல்யாணமாகாத நான், கோலியர்ஸ் வுட் சமையலறையில் வைத்து என் அத்தானின் விதவையானேன்.

பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்

இந்தத் தொடரில் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகி, “யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதியவர் லண்டனில் ஏன் ஒரு கிழவியின் வீட்டுக்கு வேலைக்குப் போனீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதியதால்தான் போனேன், அம்மா.

பேப்பர்க் கடைக் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த தட்டச்சாளர் தேவை. நான் பத்து வருடம், பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தாரிசின் கந்தோரில் தாத்தா, பூட்டன் காலத்து உறுதிகளைப் பார்த்துப் பிரதி எடுத்தவள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, யாருக்குப் பிள்ளை இல்லாமல் போனது, யார் சீதனமாகக் கொடுத்தது என்று பார்த்துப் பார்த்தே என் கண் பழுதாகியிருந்தது. பூச்சி அரித்த எழுத்து எனக்குப் பழக்கம்.

அட்டை போட்டவர் மிஸ் கில்வெரி. எழுபது வயதிருக்கும். அயர்லாந்துப் பரம்பரை. கல்யாணம் கட்டவில்லை. மேட்டின் மேல் பெரிய, குளிர்ந்த வீடு. ஒரேயோர் அறையில்தான் குளிர்காயக் காஸ் அடுப்பு எரியும். அந்த அறையில் பூனை மணமும் பழைய கடதாசி மணமும் கலந்து கிடக்கும். தேநீர் கேட்டால் தருவார், பிஸ்கட்டைத் தானாகத் தரமாட்டார்.

அவருடைய வாழ்க்கையின் வேலை ஒன்றே ஒன்று. அவருடைய முன்னோர் ஆர்தர் கில்வெரி. பதினெட்டாம் நூற்றாண்டில், டப்ளினில் அயர்லாந்துக்கென்று தனிப் பாராளுமன்றம் இருந்த காலத்தில், ஏதோ ஒரு சின்ன ஊருக்கு உறுப்பினராக இருந்தவர். அந்த மனிதரின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார் மிஸ் கில்வெரி. கண் மங்கிக்கொண்டு வந்ததால் ஆள் தேவைப்பட்டது.

ஆர்தர் கில்வெரி பெரிய ஆள் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் பாராளுமன்றத்தில் இருந்து இரண்டு தடவைதான் வாய் திறந்திருக்கிறார். ஒன்று ஒரு பாலத்தைப் பற்றி, மற்றது வெண்ணெயைப் பற்றி. ஆனால் மிஸ் கில்வெரி அவரைப் பற்றிக் கதைத்தால் அடுத்த அறையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கிற மனிதரைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும். “ஆர்தருக்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது” என்பார். நானும் ஒருநாள் என்னை அறியாமல், “அவருக்கு இருமல் சுகமோ?” என்று கேட்கப் பார்த்தேன்.

சிரிக்கிற கதைபோலத் தொடங்கியது. பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆர்தர் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். அந்தக் காலத்துச் சட்டப்படி அங்கே கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் இருக்க முடியாது. காணி வாங்குவதும் வைத்திருப்பதும் பெரும்பாடு. அதனால் ஆர்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசாங்கத்தின் புரட்டஸ்தாந்துச் சபைக் கோயிலில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, தன் சமயத்தைக் கைவிட்டதாகச் சத்தியம் செய்து, அதற்கு ஒரு கடதாசியும் வாங்கிக்கொண்டார். கடதாசி கிடைத்ததும் காணி தப்பியது, பதவி வந்தது. அவருடைய தம்பி டொமினிக் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்துவிட்டான். அங்கேயே கட்டி, அங்கேயே செத்தான்.

கடதாசி வாங்கியவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இவன் மனம் மாறவில்லை, வீட்டுக்குள் பழைய சமயந்தான் என்று யாராவது அயலவன் போய்க் காட்டிக்கொடுத்தால் வழக்கு வரும். வழக்கில் வென்றால் காட்டிக்கொடுத்தவனுக்கே காணி. இதை மிஸ் கில்வெரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பூனைக்குப் பால் ஊற்றினார். காட்டிக்கொடுப்பவனைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கேள்விக்குறி

சுவரில் ஒரு பெரிய வம்ச அட்டவணை தொங்கியது. எல்லாப் பெயரும் கறுப்பு மையில். ஒரே ஒரு பெயர் பென்சிலில். ஆர்தருக்கும் அவர் மனைவி ஹெஸ்டருக்கும் கீழே மூன்று மகன்மார். ஓரமாகப் பென்சிலில் ஒனோரா, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஆர்தரின் மரண சாசனத்தில் ‘என் மகள் ஒனோரா’ என்று இருந்தது. ஆனால் அவள் பிறந்ததற்கோ ஞானஸ்நானம் பெற்றதற்கோ எங்கேயும் பதிவில்லை. ஆர்தர் கண்ணை மூடியதும் மூத்த மகன் வழக்குப் போட்டான். இவள் எங்கள் சகோதரி இல்லை, இருந்தால் நிரூபிக்கட்டும் என்றான். அவளிடம் ஒரு கடதாசியும் இல்லை. வீட்டைவிட்டு அனுப்பப்பட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் எங்கும் எழுதவில்லை.

“ஆர்தருக்கு வெளியே ஒரு தொடுப்பு இருந்திருக்க வேண்டும்” என்பார் மிஸ் கில்வெரி. சொல்லும்போது கழுத்து சிவக்கும். இருநூறு வருடத்துக்கு முந்திய மானம் அவரைச் சுட்டுக்கொண்டிருந்தது.

டொமினிக்கின் பெயருக்குக் கீழே ‘சந்ததி இல்லை’ என்று இருந்தது. அட்டவணையின் புதுப் பிரதிகளில் நானே அதை எத்தனையோ தடவை தட்டச்சில் அடித்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

இரத்தம்

பிறகு அந்தக் கடிதம் வந்தது. குடிவரவுக் கந்தோரின் பழுப்பு நிறக் கடித உறை. காலையில் கதவுத் துவாரத்தால் கடிதம் விழுகிற சத்தம் கேட்டாலே அந்த நாட்களில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழும்புவேன். மாடியில் நின்றே கீழே கிடப்பது வெள்ளையா பழுப்பா என்று எட்டிப் பார்ப்பேன்.

கடிதத்தில் இரண்டு விஷயம். ஒன்று, பிள்ளையைக் கொழும்பில் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். இரண்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள்.

குலம் அண்ணை இரண்டு தடவை வாசித்தார். “பயப்பிடாதையும். அக்கா தங்கச்சி இரத்தம்தானே. ஒத்து வரும்.”

“வராட்டி?”

“வராட்டி எங்கடை சமயத்திலை இரத்தம் எடுக்கக்கூடாது எண்டு எழுதுவம்.”

“நான் ஆஸ்பத்திரியிலை இரத்தம் குடுத்த அட்டையைப் போனமுறை நீங்கள்தான் நன்னடத்தைக்கு எண்டு சேர்த்து அனுப்பினனீங்கள்.”

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். “சரி. இரத்தத்தைப் பிறகு பாப்பம். முதல்லை பிள்ளைக்கு அம்மா எண்டு சொல்லப் பழக்கும். அங்கை போய்ச் சின்னம்மா எண்டாளோ, முடிஞ்சுது.”

அப்படித் தொடங்கியதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம்.

எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது அந்த மாதங்களில்தான். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது கோப்போடு இருந்தால் குடிவரவு ஆள் என்று நினைப்பேன். நானே பாராமல் விட்ட சின்னப் பிழை எதுவாக இருக்கும் என்று நாள் முழுவதும் என் படிவத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பி வாசிப்பேன். பெரிய பிழை எது என்று எனக்குத் தெரியும்.

ஹெஸ்டரின் கடிதம்

அயர்லாந்திலிருந்த ஒரு தூரத்து உறவினர் தன் வீட்டுப் பெட்டியில் கிடந்த கடிதங்களைப் போட்டோப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். ஆர்தரின் மனைவி ஹெஸ்டர் தன் தங்கைக்கு எழுதியவை. அநேகமாகக் கோழி, வேலைக்காரர், பல்வலி. நான் வாசித்து அடித்துக்கொண்டே போனேன். மிஸ் கில்வெரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நாலாவதோ ஐந்தாவதோ கடிதத்தில் ஒனோரா வந்தாள். இடி மின்னலோடு மழை பெய்த ஒரு பின்னேரத்தைப் பற்றி ஹெஸ்டர் எழுதியிருந்தாள். பிள்ளை இப்போது நன்றாகப் பழகிவிட்டாள், விருந்தினர் முன்னால் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், பாதிரியாருக்கே சந்தேகம் வரவில்லை. ஆனால் இடி இடித்தபோது மட்டும் பயத்தில் எல்லாம் மறந்து, பெரியம்மா என்று பிரெஞ்சிலேயே கூவிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். வேலைக்காரி கேட்டுவிட்டாளோ என்று தனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

நான் நிறுத்திவிட்டேன்.

“ஏன் நிறுத்தினாய்?” என்றார் மிஸ் கில்வெரி.

“இவள் ஆர்தரின் கள்ளப் பிள்ளை இல்லை. டொமினிக்கின் பிள்ளை. பிரான்சிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் தம்பியின் பிள்ளையை வளர்க்கிறான் என்று தெரிந்தால் யாராவது காட்டிக்கொடுப்பான் என்று தங்கள் மகள் என்று சொல்லியிருக்கிறார்கள்.”

“அபத்தம். ஆர்தர் ஒரு பாராளுமன்ற உறுப்பினர். சாசனத்தில் பொய் எழுதுவாரா?”

எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது. “கோயிலில் நின்று மனதில் இல்லாததைச் சத்தியம் செய்தவர்தானே, மேடம். ஒருமுறை செய்தவருக்கு மறுமுறை கஷ்டமிராது. அதுவும் அவருக்கு அது பொய்யாகவே பட்டிருக்காது. தம்பியின் பிள்ளை எங்கள் ஊரிலும் மகள்தான்.”

மிஸ் கில்வெரி கோப்பையைக் கீழே வைத்தார். இன்றைக்கு இது போதும், நீ போகலாம் என்றார். பின்னேரம் மூன்று மணிகூட ஆகவில்லை.

வேலையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி இருந்தேன். வேலையைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மனம் சுவரில் தொங்கிய அட்டவணையிலேயே நின்றது. டொமினிக். சந்ததி இல்லை. ஒரு மனிதன் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை ஓடித் திரிந்து, இடிக்குப் பயந்து கூவியிருக்கிறாள். ஆனால் அவனுக்குப் பிள்ளையே இல்லை என்று நான் என் கையால் தட்டச்சில் அடித்திருக்கிறேன்.

இதுவரை உங்களுக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சகோதரர் விபரம் கேட்டிருந்தார்கள். அக்காவின் பெயரை எழுதினேன். இறந்துவிட்டார் என்று எழுதினேன். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்ற கேள்விக்கு, வதனியை ஏற்கெனவே என் பக்கத்தில் எழுதிவிட்டதால், வேறு வழியில்லாமல் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். வடிவான கையெழுத்தில். நொத்தாரிசு கந்தோரில் என்னை மெச்சுகிற அதே கையெழுத்தில்.

அக்கா வதனியைப் பெற இரண்டு நாள் பட்ட பாட்டுக்கு நான் பக்கத்தில் நின்றேன். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று எழுதியவளும் நானேதான். பஸ்ஸில் இருந்தபடியே சத்தம் போட்டு அழுதேன். முன்னால் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

உண்மை எழுதுவது எப்படி

“உமக்கென்ன விசரே?” என்று குலம் அண்ணை கத்தினார். “அவங்களாக் கண்டுபிடிக்க முதல் நீராப் போய்ச் சொல்லப் போறீரோ? உம்மையும் சேர்த்து அனுப்புவாங்கள்.”

நான் போய்க் கேட்ட வழக்கறிஞரும் ஏறக்குறைய அதையேதான் நாகரிகமாகச் சொன்னார். மகள் என்றால் கூப்பிட உரிமை உண்டு. பெறாமகள் என்றால் அவர்கள் மனம் வைத்தால்தான். பொய் சொன்னவள் என்று என்னுடைய அனுமதியையே திரும்பப் பார்க்கவும் கூடும்.

பயம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் எனக்கு உறுதி எழுதத் தெரியும். யாரிடமிருந்து யாருக்கு, எப்படி வந்தது என்று எழுதத் தெரியும். இன்னார் பெற்ற பிள்ளை, அவரும் கணவரும் இறந்தபின் இன்னாரிடம் வந்தது, நான் மகள் என்று எழுதியது எங்கள் வழக்கப்படி, புருஷன் என்று எழுதியது பயத்தின்படி. மூன்று பக்கம் அடித்தேன். ஒரு வரியையும் அலங்கரிக்கவில்லை.

இடையில் மிஸ் கில்வெரி தொலைபேசி எடுத்து, ஏன் வரவில்லை என்று அதட்டினார். நான் போகச் சொன்னால் ஒரேயடியாகப் போவதா என்றார். போனேன். சுவரைப் பார்த்தேன். ஆர்தருக்குக் கீழே பென்சில் அழிக்கப்பட்டிருந்தது. டொமினிக்கின் பெயரின் கீழ் ‘சந்ததி இல்லை’ என்பதை வெட்டிவிட்டு, நடுங்கிய கறுப்பு மையில் ஒனோரா என்று எழுதியிருந்தார். அங்கிருந்து ஆர்தருக்கு ஒரு புள்ளிக்கோடு ஓடியது.

“நீ சொன்னது சரியாக இருக்கலாம்” என்றார். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கில்லை. அன்று பிஸ்கட் டப்பாவை மூடாமல் என் பக்கம் வைத்தார். நான் என் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அக்காவின் பெயருக்கு எழுத்துக்கூட்டக் கேட்டார். என் மூன்று பக்கத்தோடு அவர் அந்தத் தாளில் வரைந்த எங்கள் வம்ச அட்டவணையும் குடிவரவுக்குப் போனது.

இரண்டாவது பாடம்

அடுத்த ஞாயிறு காலை வழக்கம்போல எடுத்தேன். நான் கேட்க முதலே வதனி, “அம்மா, சுகமோ?” என்றாள். தடக்கமே இல்லை. நல்லாகத்தான் படித்திருந்தாள்.

“பிள்ளை, இனி அம்மா எண்டு சொல்ல வேண்டாம். சின்னம்மா எண்டே சொல்லு. உன்ரை அம்மா உன்ரை அம்மாதான். ஆர் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு.”

அன்று பின்னால் ரயில் போகவில்லை.

“நான் பிழையாச் சொன்னனானோ?” என்றாள் மெல்ல. “அப்ப என்னைக் கூப்பிடமாட்டியளோ?”

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதோ சொன்னேன். கூப்பிடுவேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நேர்முகம் நடந்ததைச் செல்வமக்கா பிறகு சொன்னா. லண்டனில் இருப்பது யார் என்று கேட்டார்களாம். “என்ரை அம்மாவின்ரை தங்கச்சி. முதல் அம்மா எண்டு சொல்லச் சொன்னவ. பிறகு வேண்டாம் எண்டிட்டா. அவவுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை” என்றாளாம். மொழிபெயர்த்தவர் அதை அப்படியே சொல்லிவிட்டார். கேட்ட அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாராம்.

அதற்குப் பிறகும் மாதங்கள் போயின. செல்வமக்கா கனடாப் பயணத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டா. ஒருநாள் வழக்கறிஞரின் பெயர் பொறித்த வெள்ளைக் கடித உறை விழுந்தது. அதைத் திறக்கப் பயந்து, வேலைக்குப் போய்வந்து, பின்னேரம் குலம் அண்ணையிடம் கொடுத்துத் திறப்பித்தேன். அவர் வாசித்துவிட்டு எழும்பி, அடுப்பை நிறுத்திவிட்டு, மூக்கைச் சீறினார். அதிலிருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

வதனி வந்தது ஒக்டோபரில். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. நடந்து வந்து, “சின்னம்மா” என்றாள், ஒப்பித்துப் பார்ப்பதுபோல. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலும் கடையிலும் மிஸ் கில்வெரியின் வீட்டிலும் அதே சொல். கவனமாக, ஒருமுறைகூடத் தவறாமல். அவளுக்கு அது இரண்டாவது பாடம். நான் கொடுத்த பாடம் என்பதால் நானும் வாய் திறக்கவில்லை.

அவள் வந்து மூன்று கிழமை. நவம்பர் தொடக்கம். ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. ஊர் முழுக்க வாணவேடிக்கை விடுகிற நாள் அது என்று எனக்குத் தெரியும். அவளிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பக்கத்து வீட்டுப் பின்வளவில் முதல் வெடி வெடித்தபோது நான் சட்டியில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கதிரை விழுந்து கிடந்தது. வதனி மேசைக்குக் கீழே, காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

“அம்மா!”

எந்த அம்மாவைக் கூப்பிட்டாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு, மேசைக்குக் கீழே புகுந்தேன்.